மூன்று மணி நேரத்துக்கு ஒரு ஸ்கூப்பா? வே, கேசீன், கெயினர் டப்பாக்களை நிறுத்துப் பார்த்தால்

புரோட்டீன் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் "தினமும் 2 முதல் 3 முறை" என்று ஒரு வரி இருக்கும். யாருக்கு 2, யாருக்கு 3, எந்த வேளைச் சாப்பாட்டோடு, எந்த வேளைக்குப் பதிலாக என்று ஒரு வார்த்தை இருக்காது. எடை தூக்குகிறவர்கள் அதிகம் வாங்கும் மூன்று வகைப் பொடிகளை (சீக்கிரம் செரிக்கும் பால் புரதமான வே, மெதுவாகச் செரிக்கும் பால் புரதமான கேசீன், எடை கூட்ட விற்கும் மாவுச்சத்து மிகுந்த கெயினர்), அந்த விடுபட்ட விவரத்தை வைத்தே இங்கே மதிப்பிட்டிருக்கிறோம். நாளின் எந்த இடைவெளியை இந்தப் பொடி அடைக்கிறது, அந்த இடைவெளி உங்கள் சாப்பாட்டில் உண்மையில் இருக்கிறதா? சுவையும் மணமும் அதற்குப் பிறகுதான்.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடலாம். 49 ஆய்வுகளில் கலந்துகொண்ட 1,863 பேரின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டி 2018-இல் மார்ட்டன் குழு வெளியிட்ட பகுப்பாய்வின்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம்வரை தசை வளர்ச்சிக்குப் பலன் கூடுகிறது. அதற்கு மேல் சராசரி ஆளுக்குப் பெரிதாக ஏறுவதில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் பாதுகாப்புக்கு 2.2 வரை போகலாம் என்பது அதே கணக்கின் மேல் எல்லை. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 112 முதல் 154 கிராம். இதை நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 28 முதல் 39 கிராம். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

அடுத்தது வேளைக் கணக்கு. "அடிக்கடி சாப்பிட்டால் வளர்சிதை மாற்றம் வேகமாகும்" என்ற பேச்சு இன்னும் சாகவில்லை. சாப்பிட்டதைச் செரிக்க உடல் கொஞ்சம் கலோரி செலவழிக்கிறது, உண்மைதான். புரதத்தில் 20 முதல் 30 சதவீதம், மாவுச்சத்தில் 5 முதல் 10, கொழுப்பில் 0 முதல் 3. ஆனால் அந்தச் செலவு சாப்பிட்ட மொத்தத்தைப் பொறுத்தது. கலவையான சாப்பாட்டுக்குத் தோராயமாக 10 சதவீதம் என்று வைத்தால், 2,400 கலோரியை 800 வீதம் மூன்று வேளை சாப்பிட்டாலும் 240 கலோரி செலவு. 400 வீதம் ஆறு வேளை சாப்பிட்டாலும் அதே 240. அடுப்பை எத்தனை முறை பற்றவைத்தீர்கள் என்பதை உடல் எண்ணுவதில்லை.

தசைக்கு மட்டும் பகிர்வு ஓரளவு கணக்கில் வருகிறது. 2013-இல் அரேட்டா குழு 80 கிராம் வேயை 12 மணி நேரத்தில் மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தது: ஒன்றரை மணிக்கு ஒருமுறை 10 கிராம், மூன்று மணிக்கு ஒருமுறை 20, ஆறு மணிக்கு ஒருமுறை 40. நடுவிலுள்ளதுதான் தசைப் புரத உருவாக்கத்தை அதிகம் தூண்டியது. "மூன்று மணிக்கு ஒரு ஸ்கூப்" விளம்பரத்தின் தாய்வீடு இதுதான். விளம்பரத்தில் வராத பகுதி: அந்த 12 மணி நேரமும் அவர்கள் வேயைத் தவிர வேறெதுவும் சாப்பிடவில்லை. வே சீக்கிரம் செரித்து ஓடிவிடும். இறைச்சியும் பருப்பும் சோறுமாகச் சாப்பிட்டவர் வயிற்றில் மூன்று மணி நேரம் கழித்தும் பாதிச் சாப்பாடு வேலை செய்துகொண்டிருக்கும். 2023-இல் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தின் ட்ரோம்மெலன், வான் லூன் குழுவினர் பயிற்சிக்குப் பின் ஒரே தடவையில் 100 கிராம் பால் புரதம் கொடுத்து, 25 கிராம் குடித்தவர்களோடு ஒப்பிட்டார்கள். 100 கிராம் வீணாகவில்லை. 12 மணி நேரம்வரை மெதுவாகப் பயன்பட்டுக்கொண்டே இருந்தது. "ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல் உடல் ஏற்காது" என்ற ஜிம் வாக்கு அத்தோடு முடிந்தது. (பால் புரதத்தில் 80 சதவீதம் மெதுவாகச் செரிக்கும் கேசீன் என்பதையும் நினைவில் வையுங்கள். 100 கிராம் வேயை ஒரே மடக்கில் குடித்துப் பார்க்கச் சொல்லவில்லை.)

ஆக நடைமுறை: மூன்று முதல் ஐந்து வேளை, ஒவ்வொன்றிலும் கிலோவுக்கு 0.4 முதல் 0.55 கிராம் புரதம். இரண்டு வேளை மட்டும் சாப்பிடுகிறவருக்கும் தசை வளரும். ஒரு வேளையில் 70 கிராம் புரதத்தை மென்று முடிக்க வேண்டியிருப்பதுதான் அவர் சிக்கல். ஏழெட்டு வேளையாகப் பிரிக்கிறவருக்கு வேறு சிக்கல். ஒவ்வொரு வேளையும் 12, 15 கிராமில் நின்றுவிடும். தசை உருவாக்கத்தைத் தூண்டத் தேவையான லியூசின் என்ற அமினோ அமிலம் 2 முதல் 3 கிராம் எந்த வேளையிலும் சேராது.

இனி டப்பாக்கள்.

வே: வாங்கலாம், லேபிளைப் படித்த பிறகு

பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுப்பது வே. கான்சென்ட்ரேட் என்றால் வழக்கமாக 80 சதவீதப் புரதம், ஐசோலேட் என்றால் 90 சதவீதம். சுவையூட்டி, கோகோ, இனிப்பு எல்லாம் சேர்ந்த பிறகு டப்பாவுக்குள் இருப்பது இதைவிடக் குறையும். அதனால் செய்யவேண்டிய முதல் வேலை ஒரு வகுத்தல். ஒரு ஸ்கூப்பிலுள்ள புரதத்தை ஸ்கூப்பின் எடையால் வகுங்கள். 30 கிராமில் 24 என்றால் 80 சதவீதம், நல்லது. 33-இல் 24 என்றால் 73, பரவாயில்லை. 45-இல் 24 என்றால் 53. அது வே என்ற பெயரில் விற்கும் பாதி மாவு. முன்பக்கம் மூன்றிலும் கொட்டை எழுத்தில் "24 கிராம்" என்றுதான் இருக்கும்.

இரண்டாவது, கலோரிக் கணக்கு. புரதம் கிராமுக்கு 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9. 24 கிராம் புரதம், 3 கிராம் மாவுச்சத்து, 1.5 கிராம் கொழுப்பு என்றால் 96, 12, 13.5. கூட்டினால் 121.5. லேபிளில் 120 என்றிருந்தால் சரி. 160 என்றிருந்தால் ஏதோ ஒரு வரி பொய் சொல்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமான ஓட்டை, நைட்ரஜன் கலப்படம். ஆய்வகத்தில் பெரும்பாலும் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 போன்ற ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது என்பதுதான் அதற்கு அடிப்படை. கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தில் நைட்ரஜன் 18.7 சதவீதம். அதில் 5 கிராமைப் பொடியில் கொட்டினால் சோதனையில் 5.8 கிராம் "புரதம்" கூடிவிடும். கிரியேட்டினில் நைட்ரஜன் 32 சதவீதம். 1 கிராம் போட்டால் 2 கிராம் காட்டும். தசைக்கு இவற்றால் புரதம் என்ற வகையில் பயனில்லை.

இதைப் பிடிக்க ஆய்வகம் வேண்டாம். வே புரதத்தில் லியூசின் 10 முதல் 11 சதவீதம். 24 கிராம் புரதத்துக்கு லியூசின் 2.4 முதல் 2.6 கிராம் இருக்க வேண்டும். அமினோ அமிலப் பட்டியலில் 1.8 என்றிருந்தால் அங்கே வேயல்லாத ஏதோ இருக்கிறது. கிளைசின் அதே ஸ்கூப்பில் அரை கிராமுக்குள் இருப்பது இயல்பு, 1.5 கிராமைத் தொட்டால் சந்தேகப்படுங்கள். சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின், கிரியேட்டின் என்ற பெயர்கள் தனியாக வந்தாலும் அதே சந்தேகம். அமினோ பட்டியலே அச்சிடாத டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம். போட்டிகளில் கலந்துகொண்டு ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படுகிறவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் போன்ற முத்திரை. முத்திரையைப் பார்த்ததோடு நிற்காமல், டப்பாவின் அடியிலுள்ள தொகுதி எண்ணை அந்த அமைப்பின் தளத்தில் தேடிப் பாருங்கள். முத்திரையை அச்சடிக்க யாராலும் முடியும்.

கான்சென்ட்ரேட்டா, ஐசோலேட்டா? வயிற்றைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கான்சென்ட்ரேட்டில் லாக்டோஸ் 4 முதல் 8 சதவீதம், அதாவது 30 கிராம் ஸ்கூப்பில் ஒன்று முதல் இரண்டரை கிராம். 250 மி.லி. பாலில் 12 கிராம். "வே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாயு" என்கிறவர்களில் பலர் வேயைப் பாலில் கலந்து குடிக்கிறவர்கள்தான். முதலில் ஒரு வாரம் தண்ணீரில் கலந்து குடியுங்கள். அப்போதும் உப்புசம் என்றால் சேர்மானப் பட்டியலில் சாந்தன் கம், குவார் கம், சார்பிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால் இருக்கிறதா பாருங்கள். அவை இல்லாத டப்பாவுக்கு மாறியும் தீராவிட்டால் ஐசோலேட். மற்றபடி தசைக்கு இரண்டும் ஒன்றே. கலோரியை இறுக்கிப் பிடிக்கும் கட்டிங் காலத்தில் ஒரு ஸ்கூப்புக்கு 10, 15 கலோரி மிச்சம் என்பதுதான் ஐசோலேட்டின் கூடுதல் வரவு.

கரைப்பதில் நடக்கும் தவறுகள் சில்லறை. ஆனால் தினமும் நடப்பவை. பொடியை முதலில் போட்டுத் தண்ணீரை ஊற்றினால் அடியில் களிபோல் ஒட்டிக்கொள்ளும். முதலில் 200 முதல் 250 மி.லி. குளிர்ந்த தண்ணீர், அதன்மேல் பொடி, 15 முதல் 20 விநாடி குலுக்கல், பிறகு இரண்டு நிமிடம் அப்படியே வைத்தால் நுரை அடங்கும். நுரையோடு மடக்மடக்கென்று குடித்தால் விழுங்குவதில் பாதி காற்று. பிறகு வரும் ஏப்பத்துக்கு வே பொறுப்பல்ல. கொதிக்கும் ஓட்ஸிலோ காபியிலோ போட்டால் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் வே புரதம் திரிந்து ரப்பர்த் துணுக்குகளாகிவிடும். சத்து எங்கும் போகாது, வாய்க்குத்தான் பிடிக்காது. இரண்டு மூன்று தேக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் பொடியைக் கூழாக்கி, ஓட்ஸ் சற்று ஆறியபின் கிளறினால் தெரியவே தெரியாது.

எப்போது குடிப்பது? பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடிக்காவிட்டால் உழைப்பு வீண் என்பது மிகை. பயிற்சிக்கு ஒன்றிரண்டு மணி முன்னால் நல்ல சாப்பாடு உள்ளே போயிருந்தால் அவசரமே இல்லை. அடுத்த சாப்பாட்டு நேரம்வரை பொறுக்கலாம். வெறும் வயிற்றில் அதிகாலையில் தூக்குகிறவருக்கும், கடைசியாகச் சாப்பிட்டு நாலைந்து மணி ஆனவருக்கும் முடித்தவுடன் ஒரு ஸ்கூப் அர்த்தமுள்ளது. எல்லாவற்றையும்விட வேயின் உண்மையான இடம் புரதம் குறைந்த காலை வேளைதான். பெரும்பாலானவர்களின் நாளை எழுதிப் பார்த்தால் காலையில் 10 கிராம், மதியம் 25, இரவு 50 என்று இரவுப் பக்கமே சாய்ந்திருக்கும். காலையில் ஒரு ஸ்கூப் சேர்த்தால் 10 என்பது 34 ஆகிறது. பயிற்சிக்குப் பின் இரண்டு ஸ்கூப் குடித்துவிட்டுக் காலையை அப்படியே விடுகிறவரைவிட இவர் செலவும் குறைவு, கணக்கும் நேர்.

கேசீன்: பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை

பொடி மோசம் என்பதில்லை. அது அடைக்கும் இடைவெளி பலரிடம் இல்லை. கேசீன் வயிற்று அமிலத்தில் தயிர்போல் உறைந்து மணிக்கணக்கில் மெதுவாகக் கரைகிறது. அதனால் "இரவுப் புரதம்" என்று விற்கிறார்கள். 2012-இல் மாஸ்ட்ரிக்ட்டில் நடந்த ஆய்வில், மாலையில் பயிற்சி செய்த இளைஞர்கள் படுக்குமுன் 40 கிராம் கேசீன் குடித்தபோது இரவு முழுக்கத் தசைப் புரத உருவாக்கம் கூடியிருந்தது. எதைவிட? ஒன்றும் குடிக்காதவர்களைவிட. 2015-இல் 44 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்விலும் படுக்குமுன் புரதம் குடித்த குழு முன்னேறியது. ஆனால் அந்தக் குழு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.9 கிராம் புரதம் சாப்பிட்டது, மற்றது 1.3. ஜெயித்தது படுக்கை நேரமா, கூடுதல் புரதமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் பந்தயம் இரண்டாவதன்மேல்.

இரவுச் சாப்பாட்டை எட்டரைக்கு முடித்துப் பதினொன்றுக்குப் படுக்கிறவர் வயிற்றில் சாப்பாடு இன்னும் இருக்கிறது. அவருக்குக் கேசீன் வெறும் கூடுதல் கலோரி. ஆறு மணிக்கே சாப்பிட்டு முடிக்கிறவர், மறுநாள் மதியம்வரை சாப்பிட முடியாத வேலை நேரமுள்ளவர், கட்டிங் காலத்தில் நடுராத்திரிப் பசியால் எழுந்து அலமாரியைத் துழாவுகிறவர், இவர்களுக்குக் கேசீன் கைகொடுக்கும். அதிலும் 250 மி.லி. பாலும் 300 கிராம் கெட்டித் தயிரும் இருபது கிராம் புரதத்தை, பெரும்பாலும் கேசீனாகவே, பொடியில்லாமல் தந்துவிடும்.

வாங்குகிறவர் பார்க்கவேண்டியது: சேர்மானத்தில் முதல் பெயர் மைசெல்லார் கேசீன். கால்சியம் கேசினேட் முதலில் வந்தால் அது பதப்படுத்திக் கரையவைத்த வகை. மைசெல்லார் அளவுக்கு மெதுவாகச் செரிக்காது. வேயைக் குலுக்குவதுபோல் 200 மி.லி.யில் குலுக்கினால் ஷேக்கரின் வாயில் அடைக்கும். 30 கிராமுக்கு 300 மி.லி. வேண்டும். அதைவிட நல்ல வழி, 100 முதல் 120 மி.லி. தண்ணீர் மட்டும் ஊற்றிக் கரண்டியால் கிளறி, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி வைத்துக் கெட்டிக் கூழாகச் சாப்பிடுவது. 110 கலோரிக்கு வயிறு நிறைந்த உணர்வு தருவதில் கட்டிங் காலத்தில் இதற்கு இணை குறைவு. கேசீன் டப்பாவுக்கு நாங்கள் தரும் மதிப்பெண் எல்லாம் இந்தக் கூழுக்குத்தான்.

கெயினர்: சுமைகூலி முக்கால் பணம்

கடையிலேயே பெரிய டப்பா, முன்பக்கத்திலேயே பெரிய எண்: 1,250 கலோரி. சந்தையில் பரவலாகக் காணும் ஒரு லேபிளை எடுத்துக்கொள்வோம். ஒரு பரிமாறல் 334 கிராம். புரதம் 50, மாவுச்சத்து 252, கொழுப்பு 4.5. கலோரிக் கூட்டல் சரியாகவே வருகிறது; பொய்யில்லை. ஆனால் வகுத்துப் பாருங்கள்: 334-இல் 50 என்றால் 15 சதவீதம். அதே 50 கிராம் புரதம் வேயில் இரண்டு ஸ்கூப், 62 கிராம் பொடியில் வந்துவிடும். மிச்சமுள்ள 270 கிராமில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது உடைத்துப் பொடியாக்கிய மாவுச்சத்து. இனிப்பு குறைவு, செரிமானம் சர்க்கரை வேகம். 2.7 கிலோ டப்பாவை லேபிள் சொல்கிறபடி குடித்தால் எட்டே நாளில் காலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் ஊட்டச்சத்துக் கடையில் கிடைக்காது.

எடை ஏறாதவர் கெயினரில் தோற்கும் விதம் எப்போதும் ஒன்றே. 334 கிராமை ஒரே தடவையில் கரைக்கிறார். அவ்வளவு கரைந்த மாவுச்சத்து குடலுக்குள் போனதும் தண்ணீரை இழுக்கிறது. உப்புசம், பொருமல், சிலருக்குப் பேதி. அதன்பின் நாலு மணி நேரம் சாப்பாட்டைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் 700 கலோரி குறைகிறது. காலையில் எடை பார்த்தால் அதே எண். "எனக்குக் கெயினர்கூட ஒட்டவில்லை" என்கிறார். ஒட்டாமல் என்ன? 1,250 உள்ளே வந்தது, 700 வெளியே நின்றுவிட்டது. மிச்சத்தில் பாதியை வயிறு தள்ளிவிட்டது.

கட்டாயம் குடித்துத்தான் ஆகவேண்டும் என்றால் கால் பரிமாறல், 80 கிராமில் தொடங்கி, சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்காமல் சாப்பிட்டு ஒரு மணி கழித்துக் குடியுங்கள். வாரம் ஒருமுறை 40 கிராம் கூட்டலாம். நீண்டதூர ஓட்டமும் எடைப் பயிற்சியும் சேர்த்துச் செய்து நாளைக்கு 4,000 கலோரி தேடுகிறவருக்கு, பயிற்சிக்குப் பிறகு சீக்கிரம் செரிக்கும் மாவுச்சத்தாக இது உதவும். மற்றவர்களுக்கு மிக்ஸி போதும்:

ஓட்ஸ் 80 கிராமை முதலில் தனியாக அரை நிமிடம் அரையுங்கள், இல்லாவிட்டால் மணல்போல் பல்லில் கடிபடும். அதில் கொழுப்பு நீக்காத பால் 400 மி.லி., ஒரு வாழைப்பழம், நிலக்கடலை வெண்ணெய் 30 கிராம், வே ஒரு ஸ்கூப். வேயைக் கடைசியில் போட்டுப் பத்து விநாடி மட்டும் ஓட்டுங்கள். அதிகம் ஓடினால் ஜாடி முழுக்க நுரை. மொத்தம் சுமார் 970 கலோரி, புரதம் 56 கிராம், மாவுச்சத்து 108, கொழுப்பு 35. கெயினரைவிடக் கலோரி குறைவு, புரதம் கூடுதல், நார்ச்சத்து பத்து கிராமுக்கு மேல். குறையும் உண்டு. கொழுப்பும் நாரும் செரிமானத்தைத் தாமதப்படுத்தும் என்பதால் பயிற்சிக்கு இரண்டு மணி முன்னால் முடித்துவிட வேண்டும். ஸ்குவாட் நாளில் இதை மீறினால் மூன்றாவது செட்டில் அது நெஞ்சுக்கு ஏறும். அரைத்துக் கால் மணிக்குமேல் வைத்தால் ஓட்ஸ் ஊறிக் கஞ்சியாகிவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர் லாக்டோஸ் நீக்கிய பாலோ சோயா பாலோ ஊற்றலாம்.

பிசிஏஏ (லியூசின் உள்ளிட்ட மூன்று அமினோ அமிலங்களை மட்டும் தனியாக விற்கும் பொடி) பற்றி இரண்டே வரி. அத்தியாவசிய அமினோ அமிலங்கள் ஒன்பது. இந்த டப்பாவில் இருப்பது மூன்று. மற்ற ஆறும் இல்லாமல் தசை கட்ட முடியாது, அவை வேயில் ஏற்கனவே இருக்கின்றன. சாப்பாட்டு இடைவெளியில் பிசிஏஏ குடிப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

தாவரப் பொடி தேடுகிறவருக்கு: தனிப் பட்டாணியில் மெத்தியோனைன் குறைவு, தனி அரிசியில் லைசின் குறைவு, இரண்டையும் கலந்ததை வாங்குங்கள், சோயா ஐசோலேட் தனியாகவே நிற்கும். லியூசின் வேயைவிடக் குறைவு என்பதால் வேளைக்கு 24 கிராம் புரதத்துக்குப் பதில் 30, 35 என்று கூட்டிக்கொண்டால் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். தொண்டையில் மண்போல் நிற்பதற்கு மருந்து, குலுக்கிய பின் பத்து நிமிடம் ஊறவிடுவது.

கிரியேட்டினைத் தனியாக வாங்குங்கள், சாதாரண மோனோஹைட்ரேட், தினம் 3 முதல் 5 கிராம், எந்த வேளையோடு என்றாலும் சரி. கெயினருக்குள்ளும் வேக்குள்ளும் கலந்து வருவது எவ்வளவு என்று தெரியாது. புரத எண்ணை அது எப்படி ஊதிப் பெருக்குகிறது என்று மேலே பார்த்தோம்.

எல்லாவற்றுக்கும் மேலே: தராசு

இந்த மதிப்புரையில் முழு மதிப்பெண் வாங்கும் பொருளில் புரதமே இல்லை. 1 கிராம் துல்லியம், 5 கிலோ கொள்ளளவு, பாத்திர எடையைப் பூஜ்யமாக்கும் பொத்தான்: இவ்வளவு இருக்கும் சமையலறைத் தராசு போதும். டப்பாவுக்குள் வரும் ஸ்கூப் கொள்ளளவுக் கரண்டி. பொடி குலுங்கி அமர்ந்திருந்தால் அதிகமும் புதிதாகக் கிளறியிருந்தால் குறைவுமாக அள்ளும். 30 கிராம் ஸ்கூப் குவியலாக அள்ளினால் 35-ஐத் தாண்டும். ஷேக்கரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிப் பொடியைக் கொட்டினால் தகராறு தீர்ந்தது. தராசையே சோதிக்க 500 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றிப் பாருங்கள்; 500 கிராமுக்கு மிக அருகில் காட்ட வேண்டும்.

தராசு இருந்தும் கணக்கு தப்பும் இடம் ஒன்று உண்டு. பச்சைக் கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம். வெந்தது 100 கிராமில் 31. வேகும்போது நீர் போய் எடை கால்வாசி குறைகிறது. 150 கிராம் பச்சையாக நிறுத்துவிட்டு, செயலியில் "வெந்தது" என்ற வரியைத் தட்டினால் 33 கிராம் புரதம் 46 ஆகப் பதிவாகும். தினம் இரண்டு வேளை இப்படி என்றால் காகிதத்தில் மட்டும் 26 கிராம் கூடுதல், ஒரு ஸ்கூப்புக்கும் மேலே. அரிசியில் தலைகீழ்: 100 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 300 கிராம் சோறு. 100 கிராம் சோற்றை நிறுத்து "அரிசி" என்று பதிந்தால் 130 கலோரி 350 ஆகும். எடை ஏறவில்லை, கலோரி மட்டும் மலைபோல் நிற்கும். எதையும் பச்சையாக நிறுங்கள், பச்சை என்ற வரியையே தேர்ந்தெடுங்கள்.

70 கிலோ ஆளுக்கு 125 கிராம் இலக்கு வைத்து ஒரு நாளை எழுதினால் இப்படி வரும். காலை: மூன்று முட்டையில் 18, ஒரு தம்ளர் பாலில் 8, ஓட்ஸ் 40 கிராமில் 5; மொத்தம் 31. மதியம்: பச்சை எடை 130 கிராம் கோழிக்கறியும் சோறும், 34. பயிற்சிக்குப் பின் ஒரு ஸ்கூப் வே, 24. இரவு: வெந்த பருப்பு 200 கிராமில் 18, தயிர் 250 கிராமில் 9, சோற்றிலிருந்து 7, மொத்தம் 34. கூட்டினால் 123. ஒரு டப்பா, ஒரு ஸ்கூப், நான்கு வேளை. கேசீனுக்கும் கெயினருக்கும் இதில் இடம் தேடினாலும் கிடைக்கவில்லை. மதியக் கறிக்குப் பதில் ஒரு கிண்ணம் பருப்பு வைத்தால் பதினைந்து இருபது கிராம் குறையும். இரண்டாவது ஸ்கூப்பின் இடம் அதுதான்.

ஷேக்கரில் இரண்டு விஷயம். கலந்த வேயை வெளியில் இரண்டு மணிக்குமேல் வைக்காதீர்கள். ஜிம் பையில் பொடியைக் காய்ந்தபடி கொண்டுபோய் அங்கே தண்ணீர் ஊற்றுங்கள். நாற்றம் பாட்டிலில் இருப்பதில்லை, மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில். அதைக் கழற்றித் தேய்த்து, வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போட்டு அரை மணி ஊறவையுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மேலே சொன்ன எந்த அளவையும் மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. அவர்களுக்குப் புரத வரம்பே வேறு.

ஸ்கூப்பைக் கூட்டலாமா என்று தோன்றினால் இரண்டு வாரம் காத்திருங்கள். தினம் காலையில், கழிவறை போய்வந்து, ஒன்றும் குடிக்குமுன் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை எழுதுங்கள். தசை சேர்க்கும் காலத்தில் வாரம் 0.25 முதல் 0.5 சதவீதம் ஏறினால் போதும். 70 கிலோவுக்கு 175 முதல் 350 கிராம். ஏறவில்லை, ஆனால் புரதம் 125-இல் நிற்கிறது என்றால் குறைவது கலோரி. மதியச் சோற்றுக்கு அரிசி 30 கிராம், இரவுக்கு எண்ணெய் ஒரு தேக்கரண்டி என்று நாளுக்கு 150 கலோரி கூட்டி மறுபடி இரண்டு வாரம் பாருங்கள். வே டப்பா அதுவரை அதே ஒரு ஸ்கூப் வேகத்தில் இறங்கட்டும்.